சுவிட்ச் போர்டு பக்கத்து நாற்காலி

விளக்கு அணைந்தது.

மேடையில் இருந்த பேராசிரியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். கரண்ட் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. விளக்கு எரிந்தது. மறுபடி அணைந்தது. மறுபடி எரிந்தது.

நான் கூரையைப் பார்க்கவில்லை. நேரே கதவோரம் பார்த்தேன். அங்கே சுவிட்ச் போர்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு முனிரத்தினம் நின்றான். தேய்த்த வெள்ளைச் சட்டை, காதில் வழக்கமான பென்சில். திருப்பதியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். எனக்குக் காது கேட்காது, அவனுக்கும் கேட்காது. காது எதற்கு என்று கேட்டால் பென்சில் வைக்க என்பான்.

காது கேட்கிறவர்கள் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கனைப்பார்கள், மேஜையைத் தட்டுவார்கள். நாங்கள் விளக்கை அணைத்து அணைத்து எரியவிடுவோம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு பேசுவோம். எங்கள் பள்ளி, எங்கள் கல்யாணம், எங்கள் சங்கக் கூட்டம் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். ஆனால் அந்த அறையில் அதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

அன்று எனக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வாய்மொழியாம்! அந்தப் பெயரை வைத்த மகானை எங்கேயாவது பார்த்தால் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று இன்றைக்கும் ஆசை.

முனிரத்தினம் விளக்கை அணைத்தால் நான் தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு. தப்புச் செய்திருந்தால் என் ஆய்வேட்டின் முக்கால் பங்கை அவனிடமும் அவனுடைய ஆட்களிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டம் கிட்டம் எதுவும் இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். வாய்ப்பேச்சாக அல்ல, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன்.



மூன்று மொட்டை

இந்தத் தொடரில் பள்ளிக்கூடக் கதை எழுதிய வாரம் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். "பாவம், நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கஷ்டமெல்லாம் பட்டேன்தான், எல்லோரும் படுகிறார்கள். ஆனால் இந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செவிட்டுப் பெண்ணே என்று நேராகக் கூப்பிடுகிறவர்களோடுகூட நான் உட்கார்ந்து டீ குடித்துவிடுவேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஊர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தூர் ஜில்லாவில் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வேர்க்கடலையும் மாந்தோப்பும் வைத்திருந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சலில் எனக்குக் காது போய்விட்டது. நைனா சும்மா இருக்கவில்லை. எனக்குப் பேச்சு வரவேண்டும் என்று திருமலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டார். வரவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு மொட்டை. அதற்கடுத்து இன்னொன்று. பேச்சு வரவேயில்லை, முடி மட்டும் அப்படி ஒரு அடர்த்தியாக வந்தது. பெருமாள் கையில் இருந்ததைக் கொடுத்தார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். நைனாவும் அதோடு சமாதானமாகி, என்னைச் சித்தூரில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் விடுதியில் சேர்த்தார்.

அங்கே பாடமெல்லாம் தெலுங்கு. தமிழ் எனக்கு நைனா வாங்குகிற பேப்பரிலிருந்து வந்தது. லீவுக்கு வரும்போது பழைய பேப்பர்க் கட்டு முழுவதையும் படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அதனால்தான் என் தமிழில் தலையங்க வாடை அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் கையை ஆட்டினால் ஸ்கேலால் அடி. வாத்தியாரின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். குரங்கு மாதிரி கையை ஆட்டாதே என்று அவர் சொன்னதை அவருடைய உதட்டிலிருந்தே படித்தேன். அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தில் எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த ஒரு வரிதான். மற்றதையெல்லாம் சாயங்காலம் துணி துவைக்கிற இடத்தில் பெரிய பிள்ளைகளின் கையிலிருந்து கற்றுக்கொண்டோம். கணக்கு, சினிமாக் கதை, யார் வீட்டில் யார் செத்தார்கள், எல்லாம் அங்கேதான்.

முனிரத்தினம் எனக்கு மூன்று வகுப்பு மேலே. எனக்குப் பெயர் வைத்தவன் அவன்தான். எங்களில் ஒவ்வொருவருக்கும் கையால் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு. அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது, இன்னொரு காது கேளாதவர்தான் பார்த்து வைக்க வேண்டும். எனக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. ஒரு விரலால் புருவத்தைக் குறுக்கே ஒரு கீறு கீறினால் அது நான். அப்பா அம்மா வைத்த நிர்மலா என்ற பெயரைப் பள்ளியில் பதிவேட்டைத் தவிர யாரும் பயன்படுத்தவில்லை.

பை மாட்டினவள்

பிறகு நான் வெளியூர்களில் படித்தேன். சைகை மொழியும் ஒரு மொழிதான், அதற்கும் இலக்கணம் உண்டு என்று புத்தகத்தில் படித்த அன்று விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். துணி துவைக்கிற இடத்தில் நாங்கள் பேசியது குரங்காட்டம் அல்ல என்பதை யாரோ ஒருவர் அச்சில் போட்டிருந்தார். நானும் அதையே செய்ய வேண்டும், எங்கள் பக்கத்து மனிதர்களின் கையைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடையில் எங்கள் ஆட்கள் கூடுவார்கள். இப்போதும் கூடுகிறார்கள். தையல்காரர்கள், இஸ்திரி போடுகிறவர், ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிற பெண்கள், முனிரத்தினம். எதிரில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய யாத்திரிகர்கள் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். அவர்கள் எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களைப் பார்ப்போம். டீக்கடைக்காரர் எங்களுக்காக விரல் எண்ணிக்கையில் சர்க்கரை கேட்கப் பழகிவிட்டார்.

என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். நம்ம பள்ளிப் பெண் பெரிய படிப்புப் படிக்கிறாள் என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் என்னை அறிமுகம் செய்து வைப்பார்கள். ஆனால் புருவத்தைக் கீறவில்லை. தோளில் பை மாட்டுவது போல ஒரு சைகை காட்டினார்கள். பை மாட்டினவள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேப்டாப் பைதான் எந்நேரமும் தோளில் தொங்குகிறதே என்று சிரித்தேன். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். படித்த திமிர், யோசிக்கவில்லை.

அவர்களை ஒவ்வொருவராகப் பல்கலைக்கழகத்துக்கு வரச்சொன்னேன். வெள்ளைத் துணி கட்டி, கேமரா வைத்து, எதிரில் நாற்காலி போட்டேன். அவர்கள் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டுப்புடவை, புதுச் சட்டை, நெற்றியில் திருநாமம். நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, அழகாகப் பேசினார்கள். டிவி செய்தியில் ஓரத்துக் கட்டத்தில் ஒருவர் சைகை காட்டுவாரே, அப்படி ஒரு சுத்தம். ஊர்ப் பெயர் வந்தால் ஒவ்வொரு எழுத்தாக விரலில் காட்டினார்கள்.

நானும் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஓர் அத்தியாயம் எழுதினேன். இந்தப் பகுதியின் சைகை மொழி பெருநகரங்களில் இருப்பதிலிருந்து அதிகம் மாறவில்லை என்று அதில் முடித்திருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர், தெலுங்குக்காரர். மூன்று இடத்தில் சரி போட்டு, 'சாலா பாகுந்தி', ரொம்ப நன்றாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். நான் காற்றில் நடந்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் முனிரத்தினம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தான். புத்தூரில் ஒரு வீட்டுக்குக் கதவு செய்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். நிலைக்குள் கதவு நுழையவில்லை. அளவு கொடுத்த வீட்டுக்காரர் தன் அளவுதான் சரி என்கிறார், வீட்டம்மா புருஷனைத் திட்டுகிறாள், கதவு வெயிலில் நிற்கிறது. முனிரத்தினம் புருஷனாகிறான், பெண்டாட்டியாகிறான், கதவாகவும் ஆகிறான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

புத்தூர் என்பதற்கு அவன் எழுத்துக் காட்டவில்லை. முழங்கையில் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவது போல ஒரு சைகை. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுப் போடப் போவார்களே, அது. நகரி என்றால் தறியில் நாடா இங்கும் அங்கும் ஓடுகிற ஓட்டம். காளஹஸ்தி என்றால் கண்ணுக்கு நேரே ஒரு விரல், கண்ணைப் பிடுங்கிச் சாமிக்கு அப்பிய வேடனின் ஊராயிற்றே. துணி துவைக்கிற இடத்தில் நானே பேசிய கை அது. என் கேமராவில் இதில் ஒன்றுகூட இல்லை. மாதக்கணக்கில் எடுத்த வீடியோவில் ஒன்றுகூட இல்லை.

விருந்தாளித் தட்டு

மறுநாள் அவன் பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஏன் எனக்கு இதைக் காட்டவில்லை, ஏன் என்னை ஏமாற்றினாய் என்று கேட்டேன். அவன் இழைத்துக்கொண்டிருந்த பலகையை ஓரமாக வைத்துவிட்டு, கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுப் பதில் சொன்னான். அவன் கையால் சொன்னதை நான் அவன் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். அவன் கையைப் பார்த்தால் எனக்கு அந்தத் தமிழ்தான் தோன்றும்.

"கேமராக்கு முன்னாடி நீ மேடம். வீட்டுக்கு மேடம் வந்தா இன்னா பண்ணுவோம்? நல்ல தட்டா எடுத்து வெப்போம். அப்டிதான் நல்ல கையா எடுத்து வெச்சோம்."

"அப்போ நேத்து டீக்கடையில காட்டினது?"

"அது நாங்க துன்ற தட்டு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நான் மேடமா? ஒரே விடுதியில் ஒரே புளித்த மோரைக் குடித்தவள் மேடமா? ஆனால் அவன் சொன்னதில் எங்கே தப்பு? வெள்ளைத் துணி கட்டியது நான். நாற்காலி போட்டது நான். நல்ல உடுப்பில் வாருங்கள் என்று சொல்லியனுப்பியதும் நானேதான். காது கேளாத ஒருத்தி காது கேளாதவர்களைப் பற்றி எழுதினால் தானாகவே எல்லாம் சரியாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

அத்தியாயத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பும் வந்தது, மறைப்பானேன். சார் சரி போட்டுவிட்டார். படிக்கிற யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அந்த நினைப்போடு சுற்றினேன். மூன்றாம் நாள் சாருக்கு எழுதிக் காட்டினேன், இது பொய்யில்லை சார், ஆனால் உண்மையும் இல்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று. கெடு தாண்டினால் பல்கலைக்கழகத்தில் தானே போய்ப் பேசுவதாக அவர் எழுதிக் கொடுத்தார்.

சார் ஒத்துக்கொண்டார். முனிரத்தினம் ஒத்துக்கொள்ளவில்லை.

"இத்த எடுத்துக்கினு போயி புக்குல போடுவ. படிச்சவங்க பாத்துச் சிரிப்பாங்க. ஸ்கூல்ல சிரிச்சது போதாதா?"

அவன் சொன்னால் மற்றவர்களும் அப்படித்தான். ஒரு மாதம் டீக்கடையில் என் முன்னால் யாரும் ஊர்க் கையில் பேசவில்லை. நான் போய் உட்கார்ந்ததும் கைகள் எல்லாம் நல்ல தட்டுக்கு மாறிவிடும். அந்த ஒரு மாதம் மாதிரி ஒரு தனிமையை நான் காது கேட்கிறவர்கள் நடுவில்கூடப் பட்டதில்லை. ஆனாலும் வாராவாரம் போனேன். எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு, விடைபெறவே இரண்டு மணி நேரம் ஆகும். எழுந்து நின்று பேசுவோம், தெருவுக்கு வந்து பேசுவோம், பஸ் படியில் காலை வைத்துக்கொண்டு பேசுவோம். எல்லோரும் போகிற வரைக்கும் நானும் நின்றுகொண்டே இருப்பேன்.

கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான். ஒரு நிபந்தனை போட்டான்.

"எங்களப் பத்தி இன்னா சொல்றதா இருந்தாலும் எங்க முன்னாடி சொல்லு. எங்க கையில சொல்லு. வேற கையில சொன்னா நான் வெளக்க அணைப்பேன். அப்புறம் எங்க கைய எங்க கிட்டயே குட்த்துடணும்."

பல்கலைக்கழகத்து ஒப்புதல் படிவத்தின் அடியில், அவன் சொல்லச் சொல்ல அதைத் தெலுங்கில் எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். அடுத்த பல மாதம் பட்டறையிலும் டீக்கடையிலும் கேமராவை ஒரு மூலையில் வைத்துவிட்டு நானும் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். வீடியோ முழுக்க மரத்தூளும் டீ டம்ளரும்தான். ஆனால் அதில் புத்தூர் கட்டுப் போட்டது, நகரி ஓடியது.

யாருக்குப் பேசுகிறாய்

தேர்வு நாளன்று அவர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வாய்மொழித் தேர்வில் பார்வையாளர்கள் உட்காரலாம் என்று விதி இருக்கிறது. வழக்கமாக நாலு மாணவர்கள் வந்து கொட்டாவி விடுவார்கள். அன்று அறை நிறைந்து, பக்கத்து அறையிலிருந்து நாற்காலி இழுத்துப் போட்டார்கள். முனிரத்தினம் முன்வரிசைக்கு வரவில்லை. கதவோரம் சுவிட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன் கீழே உட்கார்ந்தான்.

நான் கையில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல ஹைதராபாத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள். கெட்டிக்காரப் பெண். ஆனால் அவளுக்குத் தெரிந்தது பெருநகரத்துக் கை. நான் ஊர்க் கையில் ஆரம்பித்தேன். இரண்டாவது நிமிடமே அவள் என்னை நிறுத்தி, அது என்ன என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி நிறுத்தினாள். பாவம் அவள் மேல் தப்பில்லை (பார்த்தீர்களா, நானே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்). டில்லியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடையில் இன்னொரு பேராசிரியர் கடிகாரம் பார்த்தார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எத்தனை வருஷத்து உழைப்பு, இவர்களுக்குப் புரியாமல் போய்விட்டால்? ஒரு வார்த்தையை மாற்றினேன், அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. இன்னொன்றை மாற்றினேன். கால் மணி நேரத்தில் நான் முழுசாக நல்ல தட்டுக்கு வந்துவிட்டிருந்தேன். புத்தூர் என்று எழுத்து எழுத்தாக விரலில் காட்டினேன்.

அப்போதுதான் விளக்கு அணைந்தது.

எல்லோரும் திரும்பிய பிறகு முனிரத்தினம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "யாருக்குப் பேசற?"

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது ஆத்திரம். இன்றைக்குத்தானா, இவர்கள் முன்னாலேதானா என்று. பிறகு அவன் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தேன். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, அவர்களைப் பற்றி நான் சொல்வதை மரியாதைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள். வெட்கமாக இருந்தது. பயந்துட்டேன் என்று கையில் சொன்னேன், ஊர்க் கையில்.

அவன் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் பெண் ஆங்கிலத்தில் சொன்னதும் மேடையில் ஒரே குழப்பம். என் சார் எழுந்து நின்றுவிட்டார். டில்லி அம்மையார் மட்டும் என் ஆய்வேட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார். பின்னிணைப்பில் அந்த ஒப்புதல் படிவத்தைச் சேர்த்திருந்தேன், கடைசி வரியை ஆங்கிலத்திலும் போட்டிருந்தேன். அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சொன்னதை சார் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"முதலில் அவருக்குப் பதில் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் நான் கேள்வி கேட்க முடியும்."

பதிலை யார் மொழிபெயர்ப்பது? என் தங்கை அமுதா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீசிட்டியில் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள், அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்குக் காது கேட்கும். பேச்சு வருவதற்கு முன்னாலேயே என்னிடமிருந்து கை கற்றுக்கொண்டவள். நான் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்துப் பெண்கள் பிடித்துத் தள்ளித்தான் எழுந்தாள்.

"அக்கா, எனக்கு இங்கிலீஷு வராது. இவங்க முன்னாடி நான் இன்னான்னு பேசறது?"

தெலுங்கில் சொல்லு, தமிழில் சொல்லு, சார் இங்கிலீஷ் பார்த்துக்கொள்வார் என்றேன். அவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்து நின்றாள். அமுதாவின் உதடு எனக்கு மனப்பாடம்.

"சார், எங்க அக்கா சொல்றத்த நான் சொல்றேன். தப்பு கீதுன்னா அது என் தப்பு, அக்கா தப்பு இல்ல."

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் தாமதமாக வந்தால் கதையை அவருக்காக முதலிலிருந்து சொல்வோம். அன்று தாமதமாக வந்தவள் நான்தான். வெள்ளைத் துணி கட்டியதைச் சொன்னேன். மேடம் ஆனதைச் சொன்னேன். முதல் வருஷத்து வீடியோவைத் தூக்கிப்போடாமல் ஏன் ஆய்வேட்டில் வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். விருந்தாளிக்கு எடுத்து வைக்கிற கையும் இவர்களுடைய கைதான், ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு இவர்களைப் பார்த்துவிட்டதாக எழுதக்கூடாது. அதுதான் என் ஆய்வின் முடிவு என்றேன். என் கையிலிருந்து அமுதாவின் தெலுங்குக்கும் தமிழுக்கும், அங்கிருந்து சாரின் ஆங்கிலத்துக்கும் போக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு யுகம் ஆனது. இந்த முறை யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஹைதராபாத் பெண் நோட்டுப் புத்தகத்தில் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் மேடையைப் பார்க்கவில்லை. கதவோரமே பார்த்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான், கை இன்னும் சுவிட்சில்தான். புத்தூர் வந்தது. முழங்கையில் கட்டைச் சுற்றினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கதவுக் கதையை உதாரணமாகச் சொன்னேன், புருஷன், பெண்டாட்டி, வெயிலில் நிற்கிற கதவு. அவன் சொன்ன அளவுக்கு எனக்கு வராது. ஆனாலும் அவன் உதடு கோணியது. சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு டில்லி அம்மையார் ஒரு மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டுத் துளைத்தார். எல்லாம் நல்ல கேள்விகள். எதுவும் எனக்குப் பயமாக இல்லை. முடிவைச் சொன்னபோது அறை முழுக்கக் கைகள் மேலே போய் ஆடின, எங்கள் கைதட்டல் அதுதான். பேராசிரியர்கள் சிலர் வழக்கம்போலத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் சார் மட்டும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அமுதா இரண்டு தட்டுத் தின்றாள், பாக்கியெல்லாம் எடுத்துக்கினு போலாமா என்று கேட்டாள்.

வேன் கிளம்ப இரண்டு மணி நேரம் ஆனது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு முனிரத்தினம் கடைசியாக ஒன்று சொன்னான். இனிமே பயந்தா முன்னாடியே சொல்லு என்றான். அதைச் சொல்வதற்கு முன் என்னைக் கூப்பிட்டானே, பை மாட்டவில்லை. ஒரு விரலால் இடது புருவத்தைக் கீறினான். நான் அழுதுவிட்டேன். அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து என் பையில் போட்டுவிட்டு ஏறிப்போனான்.

இப்போது

இப்போது அதே திருப்பதியில் நானும் பாடம் நடத்துகிறேன். காது கேளாத மாணவர்கள் சிலர் என்னிடம் ஆய்வு செய்கிறார்கள். அந்த ஹைதராபாத் பெண் மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து டீக்கடையில் உட்காருகிறாள், முனிரத்தினம் அவளுக்குக்கூடப் பெயர் வைத்துவிட்டான். நிறுத்தி நிறுத்திக் கேட்பவள் என்று பெயர். பட்டறை நன்றாக ஓடுகிறது. அவன் தலை நரைத்துவிட்டது, காதில் பென்சில் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் மாணவர்கள் தேர்வுக்கு நிற்கும் நாளில் அறையை நானே போய்ப் பார்ப்பேன். புரொஜெக்டர் வேலை செய்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. முதலில் சுவிட்ச் போர்டு எங்கே என்று பார்த்து அதன் கீழே ஒரு நாற்காலி போடுவேன். அதில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டேன். ஒருமுறை துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து வந்த ஒருவரையே எழுப்பிவிட்டேன், கொஞ்சம் மனஸ்தாபம்தான்.

சமீபத்தில் சத்தியவேடு பக்கத்துப் பெண் சுகன்யா தேர்வுக்கு நின்றாள். காது கேளாத தாய்மார்கள் குழந்தைகளைத் தூங்க வைக்கும் விதத்தைப் பற்றிய ஆய்வு. முனிரத்தினம் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். பாதியில் அவன் கை ஒருமுறை மேலே போனது. நான் பாதி எழுந்துவிட்டேன். பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பக் காதில் வைத்துக்கொண்டான். அத்தோடு சரி.

தேர்வாளராக வந்தவர் அவளுக்குப் பட்டம் கொடுக்கப் பரிந்துரை செய்துவிட்டு, போகும்போது என்னிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். எல்லாம் நன்றாக இருந்தது, ஆனால் உங்கள் மாணவி பேசும்போது எங்களைப் பார்க்கவே இல்லையே, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாளே என்று எழுதியிருந்தார்.

நான் அதன் கீழேயே பதில் எழுதிக் கொடுத்தேன்: "பார்க்க வேண்டியவரைத்தான் பார்த்தாள்."